ஓநாய்க் காப்பு

காப்பு சூடாக இருந்தது. கணப்பு மூட்டாத அறை அது. சன்னல் கண்ணாடியின் உட்புறத்திலேயே பனி பூத்திருந்தது. இரவெல்லாம் போர்வைக்கு வெளியே கிடந்த கையிலிருந்த வெள்ளி சில்லிட்டுப் போயிருக்க வேண்டும். ஹால்வார்ட் பிரெக்கே இடக்கை விரலால் அதைத் தொட்டார். உறங்கும் நாயின் காதைத் தொட்டது போல் இருந்தது.

பிரெக்கே பண்ணையில் நாய் கிடையாது. ஆனாலும் அறையில் ஈர நாயின் வாடை.

இரண்டு தடித்த கம்பிகளை முறுக்கிச் செய்த காப்பு. முனைகள் இரண்டும் ஓநாய்த் தலைகள். வாய் பிளந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். ஐந்து நாட்களுக்கு முன், தம்பி அஸ்லாக்கைப் புதைத்துவிட்டு வந்த அன்று, அந்த இரண்டு வாய்களுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது. இன்று சுண்டுவிரல் நகம்கூட நுழையவில்லை.

பழைய கடவுளர் ஓநாயைக் கட்டிப்போட நினைத்தபோது, நம்பிக்கைக்கு ஈடாக ஒரு கையைத் தன் வாயில் வைக்கும்படி அது கேட்டது. தீர் என்ற கடவுள் மட்டும் வலக்கையைக் கொடுத்தான். பிறகு அவிழ்த்துவிடுவோம் என்று கடவுளர் சொன்னது பொய். கை போயிற்று. அந்தக் கையின் நினைவாகத்தான் பிரெக்கே வீட்டுச் சத்தியம். சாவு விருந்தில் யாருக்கு யார்மேல் சந்தேகமோ, அவர் இந்தக் காப்பை மற்றவர் வலக்கையில் மாட்டிக் கேள்வி கேட்கலாம். பதில் வந்ததும் "நம்பினேன்" என்று சொல்லி, மாட்டியவரே கழற்ற வேண்டும். பாதிரியார் அந்த நேரம் காரைப் பார்த்துவிட்டு வருவதாக வெளியே போய்விடுவார். கார் இல்லாத காலத்துப் பாதிரியார்கள் குதிரையைப் பார்க்கப் போனார்கள். எல்லோரும் தெரிந்தும் தெரியாதது போல் இருப்பதில்தான் அந்த வழக்கத்தின் கண்ணியம் இருந்தது.

அஸ்லாக்கின் மனைவி ஓஸ்னே, முப்பது உறவினர் முன்னால், உப்புக்கண்டத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்து அதை அவர் கையில் மாட்டினாள்.

"ஆத்துல இருந்து அவர் கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்கல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். நம்பினேன் என்று சொல்லவில்லை. கழற்றவில்லை. தலைமுறை தலைமுறையாக எவரும் அந்த வீட்டுக்குச் செய்யாத அவமானம் அது.

கேட்டிருந்தது. நான்கு முறை. முதல் மூன்று முறை அவர் பெயர். நான்காவது முறை "அண்ணே" மட்டும். மாட்டுத் தொழுவத்தின் வாசலில் வைக்கோல் அள்ளும் கவைக்கோலோடு நின்றிருந்தார் ஹால்வார்ட். குடித்துவிட்டு, அக்கரையிலிருந்து உறைந்த ஆற்றின்மேல் நடந்து வந்திருக்கிறான், வழக்கம்போல். இம்முறை பனித்தளம் உடைந்திருக்கிறது. ஊர் நடுவே விழுந்து கிடந்தவன், தேவாலயப் படியில் வாந்தியெடுத்தவன், பாட்டன் பேரைச் சந்தி சிரிக்க வைத்தவன். இத்தோடு முடியட்டும் என்று நினைத்தார். மாடுகளுக்குக் குளிர் வரும் என்று கதவைச் சாத்தினார்.

காலை உணவுக்குப் பின், தட்டான் பியோர்குல்வின் பட்டறைக்குப் போனார்.

"என்னய்யா ஹால்வார்ட், அறுபத்தெட்டு வயசுல நகை ஆசை வந்துடுச்சா?"

"அறுத்து எடு."

"உங்க வீட்டுக் காப்பையா? எங்க அப்பன் கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்து உதைப்பான்."

"அறுன்னு சொன்னேன்."

பியோர்குல்வ் சிரித்துக்கொண்டே மெல்லிய ரம்பத்தை வைத்து மூன்று முறை இழுத்தான். நான்காவது முறை இழுக்கவில்லை. ரம்பத்தின் பற்களை விரலால் தடவி விளக்கடியில் பிடித்தான்.

"வெள்ளின்னா தூள் உதிரணும்," என்றான். "இது எச்சில் மாதிரி இழுபடுது."

"சும்மா உளறாதே."

"மோந்து பாரு." விரலை நீட்டினான். ஹால்வார்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தட்டான் கையைத் துணியில் துடைத்தான், பிறகு அந்தத் துணியை அடுப்பில் போட்டான். "யார் மாட்டுனாங்களோ அவங்ககிட்ட போ."

"அவ வாசல்ல நான் போய் நிக்கணுமா?"

"நிக்கலாம். இல்லேன்னா கையில்லாம இருக்கலாம். உன் இஷ்டம்." கேலியாகச் சொல்லத்தான் நினைத்தான். குரல் ஒத்துழைக்கவில்லை.

நான்கு மணிக்கே பள்ளத்தாக்கு இருண்டுவிட்டது. பாலத்தைக் கடந்து, ஆற்றங்கரையோடு நடந்தார். கீழே ஓத்ரா ஆற்றின் பனித்தளம் குளிரில் இறுகும்போதெல்லாம், நீண்ட இரும்புக் கம்பியை யாரோ தட்டிவிட்டது போல் ஓர் ஒலி மலையில் மோதித் திரும்பியது. பைன் மரங்களிலிருந்து பனி சரிந்தது. அந்த ஓசைகளெல்லாம் அவருக்குப் பழகியவை. பழகாதது கோட்டுக் கைக்குள் இருந்தது. மெல்லிய சத்தம். பல்லோடு பல் தொட்டுப் பார்க்கும் சத்தம். நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் தொடர்ந்தது. மணிக்கட்டில் சூடான காற்று பட்டது. விட்டது. மறுபடி பட்டது.

மூச்சு.

ஓஸ்னேயின் வீட்டுக் கதவு சங்கிலி நீளத்துக்கு மட்டும் திறந்தது. உள்ளே நடையில் விளக்கில்லை.

"பெரிய வீட்டுப் பெரியவரா! வழி தெரிஞ்சுதா?"

"கழற்று."

"வந்தவங்க முதல்ல நல்லாயிருக்கியான்னு கேப்பாங்க. எங்க வீட்டுல அப்படித்தான்."

"முப்பது பேர் முன்னால என் தலையைக் குனிய வச்சுட்டுப் போனவ நீ. உனக்கு மரியாதை ஒரு கேடா?"

"இக்கரையில என் அடுப்படி வரைக்கும் அவர் சத்தம் வந்துச்சு. நான் ஓடி வர்றதுக்குள்ள தண்ணி மூடிடுச்சு. உங்க தொழுவத்துல இருந்து ஆறு எத்தனை எட்டு, சொல்லுங்க?"

அவள் குரல் இறங்கியது.

"கேட்டுச்சுன்னு ஒரு வார்த்தை. போதும். வெளியில சொல்ல மாட்டேன். நான் பைத்தியம் இல்லேன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒரு பெண்ணின் வாசற்படியில், குளிரில், தொப்பியைக் கையில் பிடித்து நின்று, பிரெக்கே வீட்டு மூத்தவன் பொய்ச் சத்தியம் செய்தான் என்று தன் வாயாலேயே சொல்வதா?

"கேக்கல," என்றார்.

கோட்டுக் கைக்குள் மூச்சு நின்றது.

"சரி," என்றாள் ஓஸ்னே. "நீட்டுங்க."

சங்கிலியை அவள் எடுக்கவில்லை. கதவிடுக்கில் முழங்கைவரை கையை விட்டார். இருட்டில் அவள் விரல்கள் காப்பைப் பற்றின.

"நம்பினேன்." துப்புவது போல் சொன்னாள். இழுத்தாள்.

எளிதாக வந்தது. வலியே இல்லை. தரையில் ஏதோ விழுந்த சத்தம்.

"எடுத்தாச்சு. இனி இந்தப் பக்கம் வராதீங்க."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

ஹால்வார்ட் நிமிர்ந்து நின்றார். ஐந்து நாட்களுக்குப் பிறகு கை இலேசாக இருந்தது. மிக இலேசாக. விட்டுக்கொடுக்காமலே முடிந்துவிட்டது. கோட்டுப் பையிலிருந்து வலக்கை உறையை எடுத்தார். மாட்டப் போனார்.

மாட்ட எதுவுமில்லை.

இரத்தமில்லை. காயமில்லை. மணிக்கட்டோடு கை முடிந்திருந்தது. வழவழப்பாக. பல காலம் நக்கி நக்கித் தேய்த்தது போல.

ஆனால் விரல்களின் உணர்வு போகவில்லை. சில்லிட்ட பலகைத் தரை தெரிந்தது. கந்தல் விரிப்பின் முரட்டு ஓரம். நிலைப்படி. அதைத் தாண்டியதும் வெதுவெதுப்பு. அடுப்படி. விரல்களை மடக்க முயன்றார். அவை கேட்கவில்லை. முன்னே போயின. நாற்காலிக் கால். ஏறின. கம்பளிச் சட்டை. பின்னலின் ஒவ்வொரு முடிச்சும் தெரிந்தது.

சத்தியம் செய்த கை. கேள்வி கேட்பவள் ஒருத்திதான்; அவள் இல்லாவிட்டால் பொய் நிலைத்துவிடும்.

"ஓஸ்னே!" இடக்கையால் கதவை அறைந்தார். "கேட்டுச்சு! எனக்குக் கேட்டுச்சு! நாலு தடவை கேட்டுச்சு! திரும்பிப் பாரு!"

உள்ளே வானொலியில் வானிலை அறிக்கை. நாளை தெளிவான வானம் என்றது. அவர் மறுபடி அறைந்தார். அவள் வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள்.

இல்லாத விரல்களுக்கு முதலில் அவள் சடையின் நுனி தட்டுப்பட்டது. அதைப் பிடித்து ஏறின.

பிறகு கழுத்து.

அதில் ஒரு நரம்பு நிதானமாகத் துடித்துக்கொண்டிருந்தது.