ஏழாவது வண்டி

அன்று நான் சாவடிக்குள் நுழைந்தபோது, முந்தைய நாள் மிச்சம் வைத்த காபி கோப்பையிலேயே உறைந்திருந்தது. ஹீட்டரைப் போட்டேன். ஈரக் கம்பளியின் வாசனை மெல்ல எழுந்தது. வெளியே இருட்டு, காற்று, ஓயாத பனி.

இப்படிப்பட்ட நாட்களில் மலைப்பாதையை யாரும் தனியாகக் கடக்கக் கூடாது. மேற்கு வாசலில் வண்டிகளை எண்ணி, பனி தள்ளும் லாரிக்குப் பின்னால் வரிசையாக அனுப்புவார்கள். கிழக்கு வாசலில் நான் எண்ணுவேன். ஒன்று குறைந்தாலும் லாரி திரும்பி மேலே போய்த் தேட வேண்டும்.

வயர்லெஸ் கரகரத்தது. லாரி ஓட்டும் என் கணவன் ஆஸ்முண்ட்தான்.

"குன்வோர், தாய் வாத்து கிளம்பியாச்சு. பின்னாடி ஏழு குஞ்சு. கடைசிக் குஞ்சு யாருன்னு சொல்லு பார்ப்போம்?"

"யாரு?"

"நம்ம இங்வில்ட். மூஞ்சிய உர்ருன்னுதான் வச்சிருக்கா. வர்றாளே, அது போதாதா? நீ எதையாவது ஆரம்பிச்சுடாத."

"நான் ஒண்ணும் ஆரம்பிக்கல. நீ ரோட்டப் பாரு."

ஒரு வருஷமாக மகள் வீட்டுக்கு வரவில்லை. போன பிப்ரவரியில் இதே சாவடியில் என்னோடு உட்கார்ந்திருந்தாள். அன்று ஒன்பது வண்டிகள் வர வேண்டும். பின்விளக்குகளைப் பார்த்து எண்ணிய நான், ஒரு கார் இழுத்து வந்த டிரெய்லரையும் தனிக் காராக எண்ணிவிட்டேன். ஒன்பது என்று எழுதினேன். வராமல் போன யோஸ்டெய்ன் என்பவனை இரண்டு நாள் கழித்துப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள். விசாரணையில், ஒன்பதும் வந்தன, அவன்தான் திரும்பி மேலே போயிருக்க வேண்டும் என்றேன். இங்வில்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெர்கனுக்குப் போய்விட்டாள்.

லாரி வந்தது. அதன் பின்னால் பனி அப்பிய கார்கள், எல்லாம் ஒரே வெள்ளையாக. ஆறு வரை எண்ணினேன். கடைசி வண்டி, வழக்கப்படி மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.

அது நிற்கவில்லை. ஊர்ந்து கடந்துபோனது.

இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஏழு என்று எழுதினேன்.

ஆஸ்முண்ட் பூட்ஸை உதறியபடி உள்ளே வந்தான். "எங்க அவ?"

"நிக்காமலே போயிட்டா."

"நேரா வீட்டுக்குப் போயிருப்பா. கணக்கு சரிதானே? காபி குடு."

காபியை ஊற்றும்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஏழாவது காரின் முன்கண்ணாடியில் துடைப்பான் ஓடிய தடமே இல்லை. முழுக்கப் பனி. உள்ளேயிருந்து யாராலும் ரோட்டைப் பார்த்திருக்க முடியாது.

"ஆஸ்முண்ட், வந்தது அவ இல்ல."

"ஏழு வந்துச்சுன்னு நீதானே எழுதியிருக்க?"

"ஏழு வந்துச்சு. அவ வரல. வண்டிய எடு!"

என் முகத்தைப் பார்த்தவன் லாரிக்கு ஓடினான். எங்களுக்குப் பின்னால் தடுப்புக் கட்டையை இறக்கிப் பூட்டிவிட்டு லாரியில் ஏறினேன்.

உச்சி வளைவில் அவள் காரின் கூரை மட்டும் தெரிந்தது. எஞ்சின் செத்துப்போயிருந்தது. கண்ணாடியை உடைத்து அவளை வெளியே இழுத்தோம்.

உயிர் இருந்தது.

லாரியில் கம்பளிக்குள் கிடந்து நடுங்கினாள். "தூங்கிடாதன்னு பின் சீட்ல இருந்து ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருந்தார்மா."

"யாரு?"

"நான் திரும்பிப் பாக்கல." குரல் கிசுகிசுப்பாகியது. "ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். 'உங்கம்மா இப்பவாவது சரியா எண்ணுறாங்களா?'"

பக்கக் கண்ணாடியில் மஞ்சள் விளக்கு சிமிட்டியது.

"பின்னாடி யாரும் வரக் கூடாதே..." என்றான் ஆஸ்முண்ட். வேகத்தைக் கூட்டினான்.

விளக்கு பின்தங்கவில்லை.

வயர்லெஸ்ஸை எடுத்தேன். மேற்கு வாசலுக்குக் கேட்கும், தலைமை அலுவலகத்துக்கும் கேட்கும். வேலை போகும். ஒருவேளை சிறைக்கும் போக வேண்டியிருக்கும்.

"குன்வோர் பேசறேன். போன பிப்ரவரியில எட்டு வண்டிதான் வந்துச்சு. டிரெய்லரையும் சேத்து எண்ணிட்டேன். விசாரணையில பொய் சொன்னேன்."

இங்வில்டின் சில்லிட்ட விரல்கள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

கண்ணாடியில் விளக்கு அணைந்தது.

கிழக்கு வாசலை நெருங்கினோம். நான் பூட்டிவிட்டு வந்த தடுப்புக் கட்டை மேலே தூக்கியிருந்தது. சாவடிக்குள் வெளிச்சமில்லை. லாரி அதைக் கடந்த நொடியில் வயர்லெஸ் கரகரத்தது. நிதானமான ஓர் ஆண்குரல்.

"ஒண்ணு."

பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் பனி மட்டும் பெய்துகொண்டிருந்தது.

"ரெண்டு."