செடி குடித்த தண்ணீர்

"பாட்டில் காலியா இருக்கா இல்லையா? அப்புறம் என்ன கேள்வி?"

"காலியாத்தான் இருக்கு. அதுதான் எனக்குச் சந்தேகமே! உங்க உதடு ஏன்..."

"உதட்டை விடு, பாட்டிலைப் பாரு!"

"...இப்படிக் காஞ்சு வெடிச்சுக் கிடக்கு?"

"டாக்டரம்மா பாட்டிலைத்தான் காலி பண்ணச் சொன்னாங்க. பண்ணியாச்சு!"

அப்பாவும் அம்மாவும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. நடுவில் நின்ற மிளகு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிளகு என்பது செல்லப் பெயர். ஆள் சின்னவள், பேச்சு காரம். அதனால் அம்மா வைத்தது.

"பையைக் குடும்மா" என்று வாங்கியவள், அப்படியே ஒரு பக்கம் சாய்ந்தாள். "அப்பாடி! என்னம்மா இப்படிக் கனக்குது?"

"டிக்கெட் கவுண்ட்டர்ல நாள் முழுக்க உக்காந்து பாரு. தலையும் கனக்கும், பையும் கனக்கும்" என்ற அம்மா, மறுபடி அப்பா பக்கம் திரும்பினாள். "நான் உங்களைத்தான் கேட்கிறேன்!"

அப்பா தையல்காரர். வீட்டின் முன் அறைதான் அவருடைய கடை. போன மாதம் ஒரு நாள், தைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு துணிக் குவியலின் மேல் சுருண்டு விழுந்தார். அப்பா அழுது மிளகு பார்த்ததே இல்லை. அன்று பார்த்தாள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா, "சிறுநீரகத்துல கல்" என்றார்.

"ரோட்டுல கிடக்குமே, அந்த மாதிரியா?" மிளகு பதறிப்போய்க் கேட்டாள்.

"அவ்வளவு பெரிசு இல்ல கண்ணு. மிளகு அளவுதான்."

"அது என் பேரு!"

"அப்படியா? நீயும் அப்பாவை இந்தப் பாடுதான் படுத்துவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு டாக்டரம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "இந்தக் கல் தானா வெளியே வந்துடும். ஆனா தண்ணி குடிக்காம உக்காந்து தைச்சுக்கிட்டே இருந்தீங்கன்னா, இன்னொண்ணு வரும். அதே வலி. சாயங்காலம் ஞாபகம் வந்து மடமடன்னு குடிக்கிறதும் வேண்டாம். காலையிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். சாப்பாட்டுல உப்பையும் குறைங்க. சிறுநீர் வெளிர் மஞ்சளா போனா சரி. கடும் மஞ்சளா போனா, உடம்பு தண்ணி கேட்குதுன்னு அர்த்தம்."

இன்னொண்ணு வரும். அந்தச் சொல்தான் மிளகின் மனதில் அந்தக் கல்லைவிடப் பெரிதாக உட்கார்ந்திருந்தது.

அம்மாவும் அப்பாவும் வாக்குவாதம் செய்த மறுநாள் பள்ளி விடுமுறை. தையல் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில் மிளகு வளர்க்கும் பூச்செடி இருந்தது. அதன் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. மண்ணில் விரலை வைத்தாள். சொதசொதவென்று விரல் உள்ளே போனது.

'நான் ஊத்துறது அரை டம்ளர். அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்போ இது யார் வேலை?'

துணி வெட்டும் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா தைத்தார், தைத்தார், தைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, பால் திருட வந்த பூனை மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். பாட்டிலைத் திறந்தார். களக் களக்கென்று செடித் தொட்டியில் கவிழ்த்தார்.

"அப்பா!"

பாட்டில் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "நீ... நீ அங்கே என்ன பண்றே?"

"கல்லு உங்களுக்கா, செடிக்கா?"

அப்பா அசடு வழியச் சிரித்தார். "அம்மாகிட்ட சொல்லிடுவியா?"

"ஏன் குடிக்கலைன்னு முதல்ல சொல்லுங்க."

அப்பா மெஷின் மேல் கிடந்த துணியைக் காட்டினார். ஒரு மணப்பெண்ணுக்கான வெள்ளைப் பட்டு கவுன். பால் ஏட்டை விரித்து வைத்த மாதிரி இருந்தது.

"இதுல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாப் போதும், வட்டமா தடம் விழுந்துடும். முன்னாடி ஒரு பட்டுல அப்படி விழுந்து, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதுலேருந்து துணி பக்கத்துல பாட்டிலை வாய்க்கு எடுக்கவே பயமா இருக்கு."

"உள்ளே போய்க் குடிக்கலாமே?"

"தைக்க உக்காந்தா எனக்கு உலகமே மறந்துடுது, மிளகு. பாபின்ல நூல் தீர்ந்தாத்தான் தலையையே நிமிர்த்துறேன்."

பாபின் என்பது மெஷினுக்கு அடியில் இருக்கும் குட்டி உருளை. கீழ்நூல் அதில்தான் சுற்றியிருக்கும். அது தீர்ந்தால் தையல் விழாது. காலி பாபின்களில் நூல் சுற்றி வைப்பது மிளகின் வேலை.

மிளகு மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். பிறகு பாபின் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சிறிது நேரத்தில் அப்பாவின் குரல் கேட்டது. "மிளகு! பாபின் டப்பா எங்கே?"

"சமையலறையில. தண்ணி ஜாடிக்குப் பக்கத்துல."

"அங்கே அதுக்கு என்ன வேலை?"

"ஒரு டம்ளர் குடிச்சா ஒரு பாபின். கை துடைக்கத் துண்டும் வச்சிருக்கேன்."

"இது என்ன பகல் கொள்ளை!"

முணுமுணுத்தபடி எழுந்து போனார். குடித்தார். கையை இரண்டு முறை துடைத்தார். பாபினோடு வந்து உட்கார்ந்தார். ஒரு பக்க ஓரம்கூடத் தைத்து முடிக்கவில்லை, நூல் தீர்ந்துவிட்டது.

மறுபடி போனார். மறுபடி குடித்தார். மறுபடி தீர்ந்தது.

அப்பா பாபினை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் தையல்காரர் அல்லவா? "ஏய் வாலு! இதுல பாதி நூல்தானே சுத்தியிருக்கே?"

"கொஞ்சம் கொஞ்சமான்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க?"

"தையலுக்கு நடுவுல நூல் தீர்ந்தா எவ்வளவு எரிச்சலா இருக்கும் தெரியுமா?"

"அன்னிக்கு வலிச்சதை விடவாப்பா?"

அப்பா அவளைப் பார்த்தார். மிளகின் கண் ஓரம் ஈரமாக இருந்தது. எழுந்து சமையலறைக்குப் போனார்.

அதன் பிறகு அவர் முணுமுணுக்கவில்லை. தண்ணீர் குடிக்க ஒரு நடை, அதை வெளியே விட ஒரு நடை என்று நடந்துகொண்டே இருந்தார். குனிந்தே தைத்து வந்த கழுத்து வலிகூடக் குறைந்த மாதிரி இருக்கிறதே என்று தானே ஆச்சரியப்பட்டார்.

ஒரு நாள் கழிவறைக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தவர், "மிளகு! வெளிர் மஞ்சள்! வெளிர் மஞ்சள்!" என்று கத்தினார்.

கவுனைப் பார்க்க வந்து வாசலில் நின்ற மணப்பெண்ணின் அம்மா நெஞ்சில் கை வைத்தார். "ஐயையோ! நாங்க வெள்ளைன்னுதானே சொன்னோம்!"

கவுன் வெள்ளையாகவே, ஒரு தடமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. கல்லும் ஒரு வழியாக வெளியே வந்தது. டாக்டரம்மா மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு, "புதுசா ஒண்ணும் இல்ல. இப்படியே விடாம குடிங்க" என்றார்.

அன்று மாலை அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா எல்லாவற்றையும் தானே ஒப்புக்கொண்டார். செடியையும் காட்டினார். தொட்டி மண் காய்ந்து, ஒரு புதுத் துளிர் எட்டிப் பார்த்தது.

அம்மா இடுப்பில் கை வைத்தாள். "நல்லா இருக்கு கதை! ஒரு பாட்டில் தண்ணி குடிக்க இத்தனை நாடகமா? வேலை வேலைன்னு இருந்தா, மனுஷன் தண்ணிகூடவா குடிக்க மறப்பான்?"

"தப்புதான்" என்றார் அப்பா.

மிளகு வழக்கம்போல அம்மாவின் பையை வாங்கினாள். வழக்கம்போல ஒரு பக்கம் சாய்ந்தாள். உள்ளே ஏதோ களக் களக்கென்றது.

பையைத் திறந்து பாட்டிலை வெளியே எடுத்தாள். காலையில் அவள் நிரப்பிக் கொடுத்த தண்ணீர், கழுத்து வரை அப்படியே இருந்தது.

மிளகு பாட்டிலைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்பா வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏம்மா, உன் ஆபீஸ்ல ஒரு செடிகூடவா இல்ல?"