மாப்பிள்ளை எந்த ஊர்க் கீப்பர்?

"அந்தக் கதையில ஒரு பிழை இருக்கு..."

யதுர்ஷிகா திடுக்கிட்டுத் திரும்பினாள். மைதானத்தில் ஈ காக்கை இல்லை என்ற துணிவில்தான் ஒலிபெருக்கியில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டாவளை இளம்பரிதி விளையாட்டுக் கழகத்துக்கு ஐம்பது வயது. நாளைக்குப் பொன்விழா உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. கழகத்தின் வரலாற்றை வாசிக்கும் வேலையை, தலைவரான அவளுடைய அப்பா ஐயாத்துரை அவள் தலையில் கட்டிவிட்டிருந்தார்.

தூறலில் நனைந்தபடி நெடுநெடுவென்று ஒருவன் நின்றான். புருவத்தில் மழைத்துளி... அதற்குக் கீழே சிரிக்கும் இரண்டு கண்கள். என்ன கண்கள் அப்பா அவை!

"நீங்கள் ஆர்?"

"கிருசாந்தன். முள்ளியவளைக் கழகத்துக் கோல் கீப்பர். மழைக்கு நிலம் எப்பிடி வழுக்குதெண்டு பாக்க ஒரு நாள் முந்தி வந்தனான்."

"நிலத்தைப் பாக்க வந்தவர் நிலத்தைப் பாருங்கோ. எங்கட வரலாற்றில உங்களுக்கென்ன அலுவல்?"

"போர் முடிஞ்சு ஊருக்குத் திரும்பி வந்த பிறகு நடந்த முதல் மேட்ச்சில முள்ளியவளையை வெண்டம் எண்டு வாசிச்சனீங்கள்..."

"வெண்டதுதானே! ஒண்டுக்குப் பூச்சியம்!"

"ஓம். அந்த ஒண்டை அடிச்சது என்ர அண்ணன்."

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு நிலத்தைப் பார்க்கப் போய்விட்டான். திமிர் பிடித்தவன்... அவன் போன திசையை அவ்வளவு நேரம் ஏன் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். ஐயாத்துரை தலையைச் சொறிந்தார்.

"ஓம் பிள்ளை... அந்த நேரம் எங்களிட்ட பதினொரு பேர் தேறேல்லை. அவங்கள்தான் தங்கட பெடியள் நாலு பேரைத் தந்து விளையாட வைச்சவங்கள்."

"இவ்வளவு காலமும் ஏனப்பா சொல்லேல்லை?"

"வெண்ட கதையைத்தானே ஊர் விரும்பிக் கேக்குது..."

மறுநாள் அவள் முழுக்கதையையும் சொன்னாள். காடு வெட்டி வயல் செய்ய வந்தவர்கள், முதல் போகம் அறுக்கும் முன்பே ஒரு துண்டு நிலத்தை வெளியாக்கிப் பந்து உருட்டியதை. காட்டுத்தடியில் கோல் கம்பம் நட்டதை. போரில் ஊரே இடம்பெயர்ந்தபோது, உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து ஒரு நெல்மூட்டையை இறக்கிவிட்டு கோல் வலையை ஏற்றியதை. முகாமில் அதே வலையில் கைக்குழந்தைகளுக்கு ஏணை கட்டித் தாலாட்டியதை. திரும்பி வந்து, கண்ணிவெடி எடுத்து முடியும்வரை வீதியோரம் நின்று மைதானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததை... கடைசியில் முள்ளியவளை தந்த நாலு பேரையும் பெயர் சொல்லி நன்றி சொன்னாள். இப்படியும் மனிதர்கள் இருந்தார்களே என்று நெஞ்சு நிறைந்தது.

கோல் கம்பத்தடியில் நின்றவன் கையுறைகளைக் கழற்றிவிட்டுக் கைதட்டினான்.

அன்று இறுதியாட்டத்தில் அவன் கண்டாவளையின் ஒரு பந்தைக்கூட உள்ளே விடவில்லை. பக்கம் பக்கமாகப் பாய்ந்தான், சேற்றில் விழுந்தான், சிரித்துக்கொண்டே எழும்பினான். ஊரே அவனைத் திட்டியது. அவளுக்கு மட்டும் திட்ட வாய் வரவில்லை.

பிறகென்ன... போனில் ஒரு "சுகமோ?", அதற்கு ஒரு "ஓம்". ஓமில் தொடங்கிய கதை நீண்டு, தை பிறந்ததும் அவனுடைய அம்மா கமலாசனி முறைப்படி வந்து பெண் கேட்டார்.

இங்கேதான் வினை வந்தது. அந்தப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பதுதான் வழக்கம். இருக்கும் ஊருக்குத்தான் விளையாடலாம் என்பது சுற்றுப்போட்டிகளின் விதி. இரண்டையும் கூட்டிப் பார்த்த ஐயாத்துரைக்கு வாய் நிற்கவில்லை. கழகக் கூட்டத்தில் எழும்பி, "இனி எங்கட கோலுக்குப் பூட்டுத்தான்! முள்ளியவளைக் கீப்பர் எங்களுக்கு!" என்றுவிட்டார்.

அந்தக் கதை முள்ளியவளைக்குப் போய், மீன் வியாபாரி வீரகத்தியின் வாயில் வேறு மாதிரித் திரும்பி வந்தது. "மகளைக் காட்டிக் கீப்பரைப் பிடிச்சிட்டினமாம்..."

யதுர்ஷிகாவுக்கு முகம் எரிந்தது. "நான் என்ன தூண்டில் புழுவோ? எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்!" போனையும் நிறுத்தி வைத்தாள். அறைக்குள் போய் அழுதது வேறு கதை.

ஞாயிறு பின்னேரம், கொட்டும் மழையில் வாசல் படலையடியில் வந்து நின்றான் கிருசாந்தன். அவள் குடையோடு போனாள். குடைக்குள் கூப்பிடவில்லை.

"கழகத்தை விட்டிட்டன்," என்றான்.

"என்னது?"

"இனி ரெண்டு ஊருக்கும் விளையாட மாட்டன். உங்களைப் பற்றி இனி ஆரும் ஒரு சொல்லுச் சொல்லேலாது." மழைநீரைத் துடைத்துக்கொண்டான். "பந்து இல்லாமல் இருந்து பழகலாம் யதுர்ஷிகா... நீங்கள் இல்லாமல் ஏலாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களில் இன்று சிரிப்பில்லை. ஐயோ, அந்தச் சிரிப்பையா என் ரோசம் பறித்துவிட்டது?

"ஆரைக் கேட்டு விட்டனீங்கள்?" படலையைத் திறந்தாள். "நாளைக்கே போய்த் திரும்பச் சேருங்கோ. நான் அங்க வாறன்."

"எங்க?"

"முள்ளியவளைக்கு. உங்கட வீட்டுக்கு. வழக்கம் கிடக்கட்டும்... கட்டப் போறது நான்."

விறாந்தையில் கதிரையில் இருந்த ஐயாத்துரை எழும்பினார். மனிதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ர வாயால வந்தது... கீப்பரும் போச்சு, மகளும் போச்சு," என்றார். "அந்தப் பிள்ளையை நனையவிடாமல் உள்ள கூட்டிக்கொண்டு வா."

அப்போதுதான் குடை அவன் பக்கம் சாய்ந்தது.

"கண்டாவளை கோல் அடிச்சா நான் எழும்பி நிண்டு கைதட்டுவன், சொல்லிப்போட்டன்," என்றாள்.

"அடிக்க விட்டாத்தானே..."

"திமிர்!"

"அது பிடிக்கேல்லையோ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதைப் பாத்துத்தான்... முதல் நாளே பிடிச்சுப் போச்சு."