அழுத்தினால் வெளுக்க வேண்டும்

மேசை டிராயரைத் திறந்து கண்ணாடித் துண்டைக் கையில் எடுத்ததும் அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஏசி ஓடி ஓடிப் பேனாகூட ஜில்லிட்டுக் கிடக்கும் அறையில், அது மட்டும் யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து இப்போதுதான் விட்டதுபோல் வெதுவெதுவென்று இருந்தது. யார் என் டிராயரைக் குடைந்தது என்று முணுமுணுத்தாள். குடைவதற்கு அங்கே வேறு ஆளே இல்லை.

அந்தத் தோல் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடமாக அவள்தான் நர்ஸ். வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடியக்கா. சிவப்புப் புள்ளி என்று யார் வந்து நின்றாலும், விரல் நீளமுள்ள அந்தத் துண்டை அதன்மேல் வைத்து அழுத்துவாள். சிவப்பு மறைந்து தோல் வெளுத்தால் கவலையில்லை. வேர்க்குருவோ, கொசுக்கடியோ, ஒத்துக்கொள்ளாத சோப்போ, ஏதோ ஒன்று. அழுத்தியும் மறையாவிட்டால் தோலுக்கு அடியில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவரை ஒரு நிமிடம்கூட உட்கார வைக்காமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லுவாள்.

திங்கட்கிழமை மட்டும் சொல்லவில்லை. கதவைச் சாத்தும் நேரத்தில் ஒரு தையல்காரப் பெண் ஓடி வந்தாள், முதுகில் ஐந்து புள்ளிகளோடு. டாக்டர் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அவருக்கு விடுப்பு. நர்ஸுக்கோ வீட்டில் ஒன்பது வயது மகள் தனியாக இருந்தாள். கண்ணாடியக்கா அவசர அவசரமாக அழுத்திப் பார்த்தாள், ஐந்தும் மறையவில்லை. பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு, வாய் கூசாமல், வேர்க்குருதான், லோஷன் தடவுங்கள், வியாழக்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ரவிக்கையைச் சரிசெய்துகொண்டே அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்.

“கடிக்கிற மாதிரி இல்ல சிஸ்டர். உள்ளேர்ந்து தட்டுது.”

இன்று வியாழன். வந்தது அவளல்ல, அவள் கணவன். மழையில் நனைந்த சட்டையோடு, உட்காராமல் நின்றான். அவங்க எப்படி இருக்காங்க என்று கேட்டாள். அவன் நர்ஸின் கையிலிருந்த கண்ணாடியையே பார்த்தான்.

“அத வேற யார் மேலயாவது வச்சீங்களா?”

இல்லை என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான். அவன் படி இறங்கும் சத்தம் அடங்கிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் அது அவள் கோட்டுப் பையிலேயே வீட்டுக்கு வந்திருந்தது; இன்று காலையில்தான் டிராயருக்குத் திரும்பியிருந்தது. முதுகு அரிக்குதும்மா என்று மகள் சிணுங்க, வா, உனக்கும் வைத்தியம் பார்க்கிறேன் என்று விளையாட்டாக வைத்து அழுத்தியிருந்தாள். ஒற்றைக் கொசுக்கடி. அழகாக மறைந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

துண்டைப் பழைய ஊசிகளைப் போடும் டப்பாவில் எறிந்து மூடியை அழுத்தினாள். மூடிய பிறகும் உள்ளே டக், டக் என்றது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பஸ்ஸில் ஈரத்துணி வாடை. பின்னால் இருந்த யாரோ கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார்கள். எழுந்து போய் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். அங்கேயும் கேட்டது.

மகள் மேசையில் குனிந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

“முதுகுல தட்டுதும்மா.”

“கொசுவாடா கண்ணு?”

“இல்ல. உள்ளேர்ந்து.”

சட்டையைத் தூக்கினாள். ஐந்து.

வேர்க்குருவா? மழைக்காலத்தில் ஏது வேர்க்குரு. கொசு இத்தனை ஒழுங்காகக் கடிக்காது. மூட்டைப்பூச்சி என்றால் வரிசையாக இருக்கும். சோப்பு பழைய சோப்புதான். மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. நான்கு புள்ளிகள் வளைவாக, ஒன்று மட்டும் தள்ளி. தொடாமல், தன் கையை அவற்றின்மேல் விரித்துப் பார்த்தாள். நான்கு விரலும் கட்டை விரலும். அச்சாகப் பொருந்தியது.

இந்தத் தடவை தாமதிக்க மாட்டாள். செருப்பை மாட்டிக்கொள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றாள். ஆனாலும் ஒரே ஒரு முறை. மறைந்துவிட்டால்? அடுக்களைக்குப் போய்க் கண்ணாடி டம்ளரை எடுத்து வந்தாள். டம்ளரின் அடிப்பாகத்தை ஒரு புள்ளியின்மேல் வைத்தாள். அழுத்தினாள்.

மறையவில்லை.

நகர்ந்தது.

கண்ணாடிக்கு அடியிலிருந்து விளிம்புக்கு. மற்றவையும் வந்தன. மெதுவாக. நான்கு ஒரு பக்கம். ஒன்று எதிர்ப்பக்கம். ஐந்து இடத்திலும் தோல் மேடானது.

கையை உதறி எடுத்தாள். பின்னால் போனாள். சுவர் இடித்தது.

டம்ளர் விழவில்லை. அந்தச் சின்ன முதுகில், படுக்கை வாட்டத்தில், அப்படியே நின்றது. அதைச் சுற்றி ஐந்து மேடுகளும் இறுகின. இறுக இறுக, வெளுத்தன.

“போதும்மா,” என்றாள் மகள், படத்திலிருந்து தலையைத் தூக்காமல். “இறுக்கிப் பிடிக்காத. விடு.”