நகம் தொட்ட கண்ணாடி

சவாயீ தீவில் காலை பத்து மணிக்கு யாரும் ஓடுவதில்லை. அதனால் விடுதிக்காரி லாங்கி தலைதெறிக்க ஓடி வந்ததைப் பார்த்ததுமே, விஷயம் பெரிது என்று டாக்சிக்காரர் ஃபிலிப்போவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளுக்குள் அவருக்கு ஒரே குஷி. அவருடைய பெரியப்பா மகள் பெனீனா இருபது வருடம் காவல்துறையின் புகைப்படப் பிரிவில் வேலை பார்த்தவள். இப்போது இணையத்தில் சுற்றும் எச்சரிக்கைகள் மெய்யா பொய்யா என்று சோதித்து வானொலியில் சொல்கிறாள். அவளுக்கு ஒரு வழக்கு வந்தால் தனக்கே வந்த மாதிரி நினைப்பு அவருக்கு.

"பெனீனா, என் மானமே போச்சு!" என்று லாங்கி, வாசலில் ஃபிலிப்போவோடு உட்கார்ந்திருந்த பெனீனாவிடம் கைப்பேசியை நீட்டினாள்.

திரையில் ஒரு புகைப்படம். கண்ணாடியின் கீழ் விளிம்பை ஒரு விரல் நகம் தொட்டிருந்தது. நகத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளிகூட இல்லை. பிம்பத்தில் கூரை உத்தரமும் அதில் கட்டிய பச்சை இலைத் தோரணமும் தெரிந்தன. கீழே இப்படி எழுதியிருந்தது: 'பயணிகளே, உஷார்! நகம் பிம்பத்தை ஒட்டினால், அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து யாரோ உங்களைப் பார்க்கிறார்கள். லாங்கி விடுதியின் கடலோர அறையில் சனிக்கிழமை நானே பார்த்தேன். இப்படிக்கு, ஆக்லாந்துப் பயணி ஒருத்தி.'

"ரெண்டு மணிக்கு ஊர்ச்சபை கூடுது. நாங்க ஒளிஞ்சு பாக்கற குடும்பம்னு முடிவாயிட்டா, ஊரைவிட்டே அனுப்பிடுவாங்க" என்றாள் லாங்கி.

"அடுத்த வளைகுடா விடுதிக்காரன் வேலைதான் இது! இப்பவே போய் சட்டையப் பிடிக்கவா?" என்று ஃபிலிப்போ சாவியை எடுத்தார்.

"மொதல்ல கண்ணாடியப் பிடிப்போம்" என்றாள் பெனீனா.

கடலோர அறை புதிதாகக் கட்டியது. ஓலை வாசம் இன்னும் போகவில்லை. கண்ணாடி நின்று முகம் பார்க்கும் உயரத்தில் மாட்டியிருந்தது. ஃபிலிப்போ ஆசை ஆசையாக நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் பிம்பத்தை அப்படியே தொட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயோ அக்கா, நெசமாவே இடைவெளி இல்ல!"

பெனீனா கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு அவர் கையில் கைப்பேசியைக் கொடுத்தாள். "அதே மாதிரி ஒரு படம் எடு."

ஃபிலிப்போ நின்றபடி எடுத்தார். படத்தில் அவருடைய தொப்பையும் ஜன்னலும் விழுந்தன. உத்தரத்தைக் காணோம். உட்கார்ந்து எடுக்கச் சொன்னாள். தரையில் சம்மணமிட்டு, கையை மேலே நீட்டி எடுத்தார். அச்சு அசல் அதே படம், தோரணம் மட்டும் இல்லை.

"தோரணம் எங்க லாங்கி?"

"வெள்ளிக்கிழமை போதகர் வந்து அறைய ஆசீர்வதிச்சப்ப கட்டினது. வண்டு வருதுன்னு அன்னிக்கு சாயந்தரமே கழட்டிட்டோம். சனிக்கிழமைதான் மொத விருந்தாளி வந்தாங்க."

"அன்னிக்கு இங்க யார் யாரு இருந்தா?"

"போதகர், ஊர்ச்சபைப் பெரியவங்க, நான். கோக்கோ ஊத்தறதுக்கு என் அண்ணன் மக ரூத்தா."

பெனீனா தலையாட்டினாள். "அந்தக் கோக்கோ பானைய எடுத்துக்கோ ஃபிலிப்போ. சபைக்குப் போகலாம்."

சபை வீட்டில் பெரியவர்கள் தூணுக்கொருவராகச் சாய்ந்திருந்தார்கள். தலைவர் அசோ முகத்தை இறுக்கி வைத்திருந்தார். ரூத்தாவும் மற்ற பெண்களோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

பெனீனா பளபளவென்ற எவர்சில்வர் பானையைத் தலைவர் முன் வைத்தாள். "நகத்த வெச்சுப் பாருங்க, தலைவரே."

அவர் வைத்தார். நகம் ஒட்டியது.

"இடைவெளி இல்லையே. அப்ப இந்தப் பானைக்குள்ள எவன் உக்காந்து நம்மள எட்டிப் பாக்கறான்?"

சபை கொல்லென்று சிரித்தது.

"சாதாரண கண்ணாடியில பூச்சு பின்பக்கம் இருக்கும், அதனால இடைவெளி தெரியும். முன்பக்கமே மின்னுற எதுலயும் அது தெரியாது. உப்புக்காத்துல கண்ணாடிப் பூச்சு கறுத்துப் போகும்னு லாங்கி போட்டிருக்கறது எவர்சில்வர் தகடு. கழட்டிப் பாருங்க, பின்னால வெறும் பலகைதான். இணையத்துல சொல்ற அந்தச் சோதனைய மட்டும் நம்பி யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

"அந்த ஆக்லாந்துப் பொம்பள?" என்று உறுமினார் அசோ.

"அப்படி ஒருத்தியே இல்ல. தோரணம் தெரியுதே, படம் வெள்ளிக்கிழமை எடுத்தது. நிக்கிற உயரத்துல இருக்கற கண்ணாடிய உக்காந்து எடுத்திருக்காங்க. வெளியூர்க்காரி தரையில உக்காந்து ஏன் எடுக்கணும்? பெரியவங்க உக்காந்திருக்கறப்ப நம்ம பிள்ளைங்கதான் நிமிர்ந்து நிக்காதுங்க, தப்பு செய்யறப்பகூட! எல்லாரும் கண்ண மூடி ஜெபம் பண்ணப்ப, கோக்கோ ஊத்த முட்டி போட்டு நகர்ந்து கண்ணாடிகிட்ட வந்தது யாருன்னு..."

"நான்தான்!" ரூத்தா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "வீடியோல பாத்தத நெசம்னு நம்பிட்டேன். அங்க தங்க வரப்போற பொண்ணுங்கள நினைச்சு பயந்துபோய்ட்டேன். அத்தைகிட்ட எப்படிக் கேக்கறது? நாலு பேர் பாப்பாங்கன்னு போட்டேன், நாலாயிரம் பேர் பாப்பாங்கன்னு தெரியாது."

வில்லனைப் பிடிக்க வந்த ஃபிலிப்போவுக்கு இந்தப் பெண்தான் கிடைத்தாள். அடுத்த வளைகுடாக்காரனை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"சொந்த அத்தை மேலயே சேற்றை வாரி இறைச்சிருக்கா. இவள என்ன செய்யலாம் லாங்கி? நீயே சொல்லு" என்றார் அசோ.

லாங்கி நகர்ந்து மருமகளின் எதிரில் உட்கார்ந்தாள். கோபத்தில் உதடு துடித்தது. ஆனால் பேசியபோது குரலில் இருந்தது வருத்தம்தான்.

"கண்ணாடிக்குப் பின்னால எவனோ இருக்கான்னு நினைச்சே. அவனவிட எனக்குத்தானடி அதிகமா பயந்திருக்கே."

ரூத்தா விம்மினாள். லாங்கி சபையின் பக்கம் திரும்பினாள்.

"இவ பேரப் போட்டே உண்மைய எழுதட்டும், தலைவரே. நாளைலேர்ந்து ஒவ்வொரு அறையையும் விருந்தாளி வர்றதுக்கு முன்னாடி இவதான் சோதிக்கணும். ஏதாச்சும் தப்பாப் பட்டா, மொதல்ல என் முகத்துக்கு நேரா கேக்கணும். நான் கத்தினாலும் கேக்கணும்."