சிங்க்குக்குப் பசித்தது

ஒரே நாளில் இரண்டு விபரீதங்களை எந்த வீடும் தாங்காது. அன்றைக்கு ஊசியின் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. காலையில் அம்மாவின் பொத்தான் டப்பாவிலிருந்து ஆறு வெள்ளிப் பொத்தான்கள் காணாமல் போயிருந்தது தெரிந்தது. மத்தியானம் சமையலறை சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது.

ஊசி என்பது அவளுடைய பட்டப்பெயர். அம்மா தையல்காரி. எப்போதும் தையல் மெஷினையே சுற்றிவரும் ஒல்லிப் பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது? பத்து வயதிலேயே பொத்தான் தைப்பதில் அவள் கெட்டிக்காரி. எந்தச் சட்டையானாலும் கோட்டானாலும் கடைசிப் பொத்தானை அவள்தான் தைப்பாள். அது அவளுடைய உரிமை.

அந்த உரிமைக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது.

"நேத்து டப்பாவை யார் எடுத்தா?" என்று கேட்டாள் அம்மா.

"நான்தாம்மா. ஆனா எண்ணிப் பாத்துட்டுத் திருப்பி வச்சிட்டேன்."

"வச்ச பொத்தானுக்குக் கால் முளைச்சுதா? அஞ்சு மணிக்கு டிரம்பெட்காரர் கோட்டு வாங்க வர்றார். அவங்க பேண்டு வாத்தியக் குழுவுக்குன்னே செஞ்ச பொத்தான், எந்தக் கடையிலயும் கிடைக்காது. இனிமே நீ மெஷின் பக்கமே வராதே."

ஊசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு திட்டு திட்டியிருந்தால்கூட அழுதுவிட்டுப் போயிருப்பாள். மெஷின் பக்கமே வராதே என்றால்? அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சிங்க்கும் அடைத்துக்கொண்டதுதான் கொடுமை.

அப்பா பஸ் டிரைவர். அன்று அவருக்கு விடுமுறை. "அவ்வளவு பெரிய பஸ்ஸையே ஓட்டுறேன், இந்தத் துக்கடா சிங்க் என்ன பண்ணிடும்?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். வெந்நீர் ஊற்றினார். கம்பியால் குத்தினார். சிங்க் 'களுக்' என்று ஒரு ஏப்பம் விட்டதோடு சரி.

ஊசி குனிந்து சிங்க்கின் அடியில் பார்த்தாள். "அப்பா, இங்க பைப் வளைஞ்சு போகுது. குப்பை இந்த வளைவுலதானே தங்கும்? இதைக் கழட்டினா என்ன?"

அவளே ஓடிப்போய் ஒரு வாளியைக் கொண்டுவந்து அடியில் வைத்தாள். அப்பா நட்டைத் திருகினார். அழுக்குத் தண்ணீர் குபுகுபுவென்று வாளியை நிரப்பியது. வளைந்த பைப்பை ஊசியிடம் கொடுத்தார்.

"பாத்தியா, அப்பா கை வச்சா அவ்வளவுதான்" என்றார். நிரம்பிய வாளியைத் தூக்கினார். சிங்க்கிலேயே ஊற்றினார்.

தண்ணீர் சிங்க்கின் ஓட்டை வழியாக இறங்கி, அப்படியே அவருடைய இரண்டு பாதங்களிலும் கொட்டியது.

அப்பா தன் பாதங்களைப் பார்த்தார். பிறகு சிங்க்கைப் பார்த்தார்.

"சிங்க்குல ஊத்தினா போயிடும்னு நினைச்சேன்."

"எங்கப்பா போகும்? பைப் என் கையிலல்லவா இருக்கு."

சத்தம் கேட்டு வந்த அம்மா வாசற்படியிலேயே திகைத்து நின்றாள். ஊசி கம்பியை விட்டுப் பைப்பைத் துழாவினாள். வெள்ளையாக, கெட்டியாக ஒரு பசை வந்தது. அதில் ரொட்டித் துணுக்குகள் ஒட்டியிருந்தன. நடுவில் ஏதோ பளபளத்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்தபோது ஆறு பொத்தான்கள் இருந்தன.

அம்மா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இது எப்படி இங்க வந்துச்சு?"

மேசைக்கு அடியிலிருந்து விசும்பல் கேட்டது. நாலு வயதுத் தம்பி பொடிசு, ஊசியின் கையில் இருந்த பைப்பைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தான். சாப்பிட்டதும் அவன் மூடிய கையோடு சமையலறைக்கு நழுவுவது ஊசிக்கு ஞாபகம் வந்தது.

'இவன்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுடைய உரிமை திரும்பிவிடும். ஆனால் மாட்டிக்கொண்டவர்களுக்கு எப்படி இருக்கும் என்று காலையிலிருந்து அவளுக்குத் தெரியும். மேசைக்கு அடியில் அவளும் புகுந்துகொண்டாள்.

"பொடிசு, சிங்க்குக்கு என்னடா குடுத்தே?"

"ரொட்டி" என்றான் அவன். "தினம் களுக் களுக்னு அதோட வயிறு கத்துச்சுக்கா. ரொட்டி குடுத்தும் பசி அடங்கல. அதான் நேத்து முக்காலியில ஏறி, மிட்டாய் மாதிரி இருந்துச்சே, அதைக் குடுத்தேன். இப்ப அப்பா அதோட வயித்தையே கழட்டிட்டார்."

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் ஊசி அந்த வெள்ளைப் பசையை நீட்டினாள்.

"அம்மா, இது என்னன்னு பாரு. நீ காலருக்குப் போடுற கஞ்சி."

உண்மைதான். காலர் விறைப்பாக நிற்பதற்கு அம்மா கஞ்சி போடுவாள். மிச்சத்தைத் தினமும் சாயங்காலம் சிங்க்கில் கொட்டுவாள்.

"இது அடைச்சதாலதான் சிங்க் கத்தியிருக்கு. அதுவும் நல்லதுதாம்மா. இந்தக் கஞ்சி பிடிச்சு வச்சிருக்கலேன்னா, ஆறு பொத்தானும் இந்நேரம் சாக்கடைக்குப் போயிருக்கும்."

அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள். மகளைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"நானே அடைச்சிட்டு, உன்னைப் போய் அப்படிச் சொல்லிட்டேனே" என்றாள். பிறகு எழுந்து ஊசியின் கையைப் பிடித்தாள். "வா, நூலைக் கோர்த்து வை. நேரமாச்சு."

அப்பா பைப்பை மாட்டினார். தண்ணீர் சத்தமே இல்லாமல் இறங்கியது. பொடிசு காது வைத்துக் கேட்டுவிட்டு, "தூங்குது" என்றான்.

ஐந்து மணிக்கு டிரம்பெட்காரர் வந்தார். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிய பொத்தான்கள் கோட்டில் மின்னின. கடைசிப் பொத்தானின் நூலை ஊசி அப்போதுதான் பல்லால் கடித்து அறுத்திருந்தாள். கோட்டைப் போட்டுப் பார்த்ததும் அவருக்கு ஏக சந்தோஷம். டிரம்பெட்டை எடுத்து, அடிவயிற்றிலிருந்து உறுமுவதுபோல் நீளமாக ஒரு ஊது ஊதினார்.

பொடிசு மெல்ல நெருங்கி, டிரம்பெட்டின் அகன்ற வாய்க்குள் எட்டிப் பார்த்தான். அவன் கை சட்டைப் பைக்குள் போனது.

"பாவம், இதுக்கும் பசிக்குது" என்றான்.

அடுத்த நொடி அம்மா, அப்பா, ஊசி மூன்று பேரும் பாய்ந்து டிரம்பெட்டின் வாயைப் பொத்தினார்கள்.