எட்டாவது பாட்டின் கடைசி மௌனம்

எட்டாவது பாட்டின் கடைசியில், எல்லா வாத்தியமும் ஓய்ந்த பிறகு வரும் மௌனத்தில், யாரோ மூச்சு விட்டார்கள்.

அவள் பாட்டைப் பின்னுக்கு இழுத்து மறுபடி கேட்டாள். நம் மூச்சாகத்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். கணினியில் பிறக்கும் இசைக்கு உயிர் போதாது என்பது அவள் கட்சி. அதனால் தான் இசையமைக்கும் ஒவ்வொரு பாட்டுக்கு அடியிலும் தன் அறையின் மௌனத்தை மெல்லிசாகப் பரப்பிவிடுவாள். அவள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கும்போதே மூலையில் ஒரு மைக் திறந்து கிடக்கும். சூடேறிய கருவிகளின் முனகல், நாற்காலியின் சின்னக் கிரீச், எல்லாம் அதில் விழும். அதைத் தனியாகக் கேட்டுப் பார்த்ததே இல்லை. மௌனத்தில் கேட்க என்ன இருக்கிறது?

அந்த அறையைச் செய்து கொடுத்தது கணவன். கல்யாணமான புதிதில் விடுமுறை நாளெல்லாம் செலவழித்து, சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை அறைந்து, கதவில் கனத்த கண்ணாடி பதித்து, விளக்கின் சுவிட்சைக்கூட வெளியே வைத்தான். "உள்ள நீ கத்தினாலும் வெளிய ஈ காக்காவுக்குக்கூட கேக்காது, எலி" என்றான். எந்நேரமும் வளைக்குள் கிடப்பதால் அவள் அவனுக்கு எலி. இந்த ஆல்பம் இழுத்துக்கொண்டே போனபோது எல்லாரும் அலுத்துவிட்டார்கள். தினமும் "முடிஞ்சுதா?" என்று கேட்டவன் அவன் ஒருவன்தான். அதற்காகவே ஆல்பத்தை அவனுக்குச் சமர்ப்பணம் செய்திருந்தாள்.

சற்று முன், பொழுது சாயும் நேரத்தில் தேநீர் கொண்டுவந்தபோதும் கேட்டான்.

"முடிஞ்சிருச்சுப்பா. இனிமே மாத்த ஒண்ணுமில்ல."

அவன் அவள் தலையைத் தடவினான். கை சில்லிட்டிருந்தது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

இப்போது அவள் அந்த மௌனத்தை மட்டும் பிரித்தெடுத்து, சத்தத்தைக் கூட்டினாள்.

கதவு திறக்கும் ஓசை. வேலை செய்யும்போது அவள் முதுகு எப்போதும் கதவுப் பக்கம்தான். ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பதுபோல ஏதோ ஒன்று உள்ளே வந்தது. நின்றது. மைக்குக்கு மிக அருகில் அந்த மூச்சு, நீளமாக, சளி கட்டி. பிறகு அவள் நன்றாக அறிந்த குரல் கெஞ்சியது.

"இப்ப வேணாம். காதுல மாட்டிக்கிட்டா எலிக்கு இடி விழுந்தாலும் கேக்காது, நீ பக்கத்துலயே இருந்துக்க. ஆனா தொடாத. ஆல்பம் முடியட்டும், பாவம், அது ஒண்ணுதான் அவ ஆசை. முடிஞ்சதும் எடுத்துக்க. என்னை விட்டுடு."

பயத்துக்கு முன்னால் அவளுக்கு அழுகைதான் வந்தது. தினமும் கேட்ட அந்த "முடிஞ்சுதா?"வை ஆசையாகக் கேட்கிறான் என்று நம்பியிருந்தாள். முதல் பாட்டின் மௌனத்தைத் திறந்தாள். மூச்சு கதவருகே இருந்தது. நான்காவது பாட்டில் அலமாரிப் பக்கம். ஏழாவதில் நாற்காலிக்குப் பின்னால்.

நாற்காலியோடு திரும்பினாள்.

அறையில் யாரும் இல்லை. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவன் நின்றிருந்தான். அவள் அவனைக் கூப்பிட்டாள். கத்தினாள். அவனுக்குக் கேட்கவில்லை. கேட்காதபடி செய்ததே அவன்தான். அவன் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, பின்னால், எதையோ பார்த்தான்.

அவன் கை சுவிட்சுக்குப் போனது.

இருட்டு. திரையின் வெளிச்சம் மட்டும். மெதுவாகத் திரையின் பக்கம் திரும்பினாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை அடக்கினாள்.

திரையில், மைக்கில் விழும் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு ஏறியது. இறங்கியது. ஏறியது.

ஹெட்ஃபோன் அவள் காதுகளிலிருந்து மெல்ல விலகி மேலே எழுந்தது. அவள் கைகள் இரண்டும் மேசை மேல்தான் இருந்தன.